அறுபத்துநாலாம் பார்டர்

உயிரோடு இருப்பவர் வீட்டுக்கு மலர்வளையம் வந்தது எங்கள் சந்தில் அதுதான் முதல் தடவை. செத்தவர்கள் வீட்டுக்கே இங்கே மலர்வளையம் வந்ததில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நூற்றிப் பன்னிரண்டு படி ஏறி வரவேண்டிய சந்து. அத்தனை கனத்தை யார் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்? ரெண்டு முழம் செவ்வந்தியோடு துக்கத்தை முடித்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு ஏறி வந்தவர் கொலக்கம்பைப் பக்கம் தேயிலை ஃபேக்டரி வைத்திருக்கும் வேலுசாமி. மூச்சு வாங்க, வேட்டிக் கரையெல்லாம் சேறாக, வளையத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஊதா ரிப்பனில் ஜெஸிந்தாவின் பெயர். ஜெஸிந்தாவோ உள்ளே, திங்கட்கிழமை புது வேலைக்குக் கட்டிக்கொண்டு போகப்போகிற சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் புது வேலை அதே வேலுசாமியின் ஃபேக்டரியில்தான்.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். எனக்கும் வேறு வேலை இல்லை.

ஜெஸிந்தாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா மலை ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று, ஐந்து வருடம் முன்னால் போய்ச் சேர்ந்தார். அண்ணன் போத்தனூரில். அந்த அண்ணன் பெண்டாட்டி வருஷத்துக்கு ஒரு தரம் வந்து, "எங்களோட வந்து இருந்துக்கலாமே, சமையலுக்கும் ஒரு ஆள் தேவையாத்தான் இருக்குது" என்று ஒளிவு மறைவு இல்லாமல் கூப்பிட்டுவிட்டுப் போவாள். ஜெஸிந்தா சிரித்துக்கொண்டே டீ போட்டுக் கொடுப்பாள். அவள் போனதும் சாந்தாமணியிடம் சொல்வாள்: "எனக்குன்னு ஒரு சம்பளம் இருக்கற வரைக்கும் அந்த ஊட்டு அடுப்படிக்கு நான் போகமாட்டனுங்க்கா." சாந்தாமணி என் எதிர்வீடு. அவளிடம் சொன்னால் சந்துக்கே சொன்ன மாதிரி.

வேலை, ஒரு டீ புரோக்கர் ஆபீசில். ஃபேக்டரிக்காரர்கள் அனுப்பும் தூளை ருசி பார்த்து, பட்டியல் போட்டு, ஏலத்துக்கு விடுகிற ஆபீஸ். பத்தொன்பது வருஷம் அந்தப் பட்டியல்களை டைப் அடித்தவள் ஜெஸிந்தா. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்களுக்குத் தெரியும், ஹையர் பரிட்சைக்குப் போகிறவர்களுக்குப் பார்டர் போடச் சொல்லித் தருவார்கள். நட்சத்திரம், கோலன், கோடு, எக்ஸ், ஓ, இவ்வளவை வைத்தே பக்கத்தைச் சுற்றிக் கொடி, மாலை, கோபுரம் எல்லாம். மற்றவர்கள் பரிட்சையோடு மறந்துவிடுவார்கள். இவள் மறக்கவில்லை. ஒரு நீள நோட்டில் அறுபத்துநாலு பார்டர் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை தட்டு, எங்கே இடம் விடவேண்டும் என்று எண்ணிக்கையோடு. மேலே பெயர்: பொங்கல் பானை, தேர், மல்லிச்சரம், பள்ளிவாசல், இப்படி. அறுபத்துநாலாவதுக்கு மட்டும் 'அப்பாவுக்கு' என்று இருந்தது.

பிறகு ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது; கம்ப்யூட்டரோடு போர்டு வந்தது. போர்டு என்றால் சுவரில் ஆணி அடித்து மாட்டுவதல்ல. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு டெலிபோன் ஒயரைச் செருகி வைத்திருப்பார்கள். ஃபேக்டரிக்காரர் தன் கம்ப்யூட்டரிலிருந்து அந்த நம்பருக்கு டயல் செய்தால், கோழியைத் திருகுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது அடங்கினால் இந்த ஆபீஸ் எழுதி வைத்த சமாச்சாரம் அவர் திரையில் வரிவரியாக இறங்கும். ஏல விலை, அடுத்த வாரப் பட்டியல், யார் வீட்டுக் கல்யாணம், யார் மண்டையைப் போட்டார். எல்லாம் ஆங்கில எழுத்துதான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒரு சமயத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். அடுத்தவர் அவர் வைக்கும் வரை காத்திருக்க வேண்டும். புல்லட்டின் போர்டு என்று முழுப்பெயர்.

அந்த வெறும் எழுத்தைப் பார்த்து ஜெஸிந்தாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓணம் வாழ்த்துக்கு ஒரு கொடி போட்டாள். வேலுசாமி கொலக்கம்பையிலிருந்து போன் செய்து, "மேடம், போர்டத் தொறந்தா ஊட்டு வாசல்ல கோலம் பாத்தாப்பல இருக்குதுங்க" என்றாராம். அதிலிருந்து ஒவ்வொரு செய்திக்கும் கையாலேயே பார்டர். மலையின் அந்தக் கோடியில் இருக்கும் கிளென்மார்கன் வரைக்கும் பேச்சானது. வேலுசாமி தினமும் போன் செய்ய ஆரம்பித்தார். அவர் சம்சாரம் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ரெண்டையும் ரெண்டையும் கூட்டத் தெரியாதவர்கள் எங்கள் சந்தில் யாரும் இல்லை.

அந்த வருஷம் தொண்ணூற்றொன்பது. இலை விலை அடிபட்டுக் கிடந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று தோட்டங்களை அப்படியே விட்டார்கள். தேயிலைச் செடி இடுப்பைத் தாண்டி மரமாகப் போய்க்கொண்டிருந்தது. பஜாரில் நகைக்கடைக்காரர் மத்தியானமே கொட்டாவி விட்டார். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும். மீதி நாலு நாளும் முதலாளிகள் போர்டைத் திறந்து பார்டரை ரசித்தார்கள்.

ஜூன் மாதம் ஆபீசுக்கு வசந்த்குமார் வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், இருபத்தைந்து வயது, கம்ப்யூட்டர் டிப்ளமா. கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, உஷாராக இருந்திருப்பாள். "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டான்.

"ஏனுங்க்கா, ஒவ்வொண்ணும் கையால அடிக்கறீங்களே, விரல் வலிக்காதுங்களா?"

"பழகிப்போச்சு தம்பி."

"நோட்டக் குடுங்க, நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். நம்பரத் தட்டினா அதுவே போட்டுக்கும். நீங்க காலாட்டிட்டு உக்காந்திருக்கலாம்."

ஆபீஸ் பியூன் மூக்கன் பார்த்த காட்சி இது: மூன்று வாரம் ஜெஸிந்தா அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ஏழு ஸ்டார், ஒரு கோலன், மூணு இடம், ஏழு ஸ்டார்" என்று வாசிப்பாள், அவன் தட்டுவான். ஜெபமாலை சொல்கிற மாதிரி இருக்குமாம். கடைசிப் பார்டர் வந்தபோது நோட்டை மூடிவிட்டாள்.

"இது வேண்டாம் தம்பி. அறுபத்திமூணோட நிறுத்திக்க."

மறுநாள் அவள் லீவு. நோட்டு மேஜையில் இருந்தது. பையன் புரட்டிப் பார்த்தான்: பிளஸ் குறிகளால் கட்டின பெரிய சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, சுற்றிலும் இரட்டைப் பட்டையாகக் கனத்த ஓரம். இருப்பதிலேயே அழகானது. தட்டிச் சேர்த்துவிட்டான். 'அப்பாவுக்கு' என்பதைப் பெயராக வைக்க முடியாதே; 'கிறிஸ்டியன்' என்று வைத்தான். அப்பா செத்தபோது தெரிந்தவர்களுக்கு அனுப்ப அவள் அடித்த துக்கக் கார்டு அது என்று அவனுக்கு யார் சொல்வார்கள்?

புரோகிராமுக்குத் தோரணம் என்று பெயர். ஒரே ஃப்ளாப்பி; அதிலும் முக்கால்வாசி காலி. வெறும் எழுத்தைக் கொடுத்து நம்பரைத் தட்டினால், ஓரம், படம், பெரிய எழுத்தில் தலைப்பு, கலர், கண்சிமிட்டல், சகல அலங்காரமும் செய்து அனுப்பிவிடும். திறந்ததும் முதலில் 'உருவாக்கியவர் வசந்த்குமார்' என்று வரும். கீழே பொடி எழுத்தில் நன்றி: பழைய ஆபீஸ் ரெக்கார்டுகளுக்கு.

ஒரே ஒரு குறை. சும்மா எழுத்தென்றால் அஞ்சு வினாடியில் வந்துவிடுகிற சமாச்சாரம், தோரணம் கட்டிக்கொண்டு வந்தால் ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுக்கும். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகத்தானே இறங்கும்? முதலில் ஓரம், அப்புறம் படம், அப்புறம் பெரிய எழுத்தில் பெயர், எல்லாம் முடிந்து கடைசியில்தான் விஷயம். மலையில் மழை பெய்தால் டெலிபோன் ஒரு நிமிஷம் தாங்காது. பிள்ளையார் சதுர்த்தி வாழ்த்தின்போது கிளென்மார்கனிலிருந்து ஒருவர் போன் செய்தார்: "சாமி தும்பிக்கை வரைக்கும் வந்து நின்னுட்டாருங்க. வயிறு எப்பங்க வரும்?"

மேனேஜர் தரணிதரன் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். "தும்பிக்கை அழகா வந்துதில்ல? அது போதும். இனிமே வெறும் எழுத்தா ஒண்ணும் போகக்கூடாது வசந்த். எல்லாத்துக்கும் தோரணம்." சரக்கு விற்கவில்லை, அலங்காரத்துக்காவது குறை இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் கடைசியிலேயே ஜெஸிந்தாவைக் கூப்பிட்டாயிற்று. மூக்கன் டீ கொண்டுபோகிற சாக்கில் உள்ளேதான் நின்றான்.

"தப்பா நெனைக்காதீங்க. மார்க்கெட் நெலம உங்களுக்கே தெரியும். பட்டியல வசந்த்தே அடிச்சுடறான். பார்டரையும் மிஷினே போட்டுக்குது."

"அந்தப் பார்டர் என் நோட்டுங்க சார்."

"அதான் தேங்க்ஸ் போட்டிருக்கானே? செப்டம்பர் முப்பது வரைக்கும் இருங்க. எங்களால முடிஞ்ச மரியாதைய செய்யறோம்."

அன்று சாயங்காலம் நூற்றிப் பன்னிரண்டு படியையும் அவள் நிற்காமல் ஏறி வந்தாள். நாங்கள் மூன்று பேர் மூன்று வாசலில் நின்று என்ன என்ன என்று கேட்டோம். ஒன்றும் சொல்லவில்லை. மூக்கன் ஏற்கெனவே சொல்லிவிட்டான் என்பதை நாங்களும் சொல்லவில்லை.

மறுவாரம் வேலுசாமி கைகொடுத்தார். "இதுக்காங்க கலங்கறீங்க? நம்ம ஃபேக்டரி ஆபீசுக்கு வந்துருங்க. லெட்டர் அடிக்க, போர்டப் பாத்து வெல சொல்ல ஆளு வேணுந்தானுங்க. அக்டோபர் நாலு, திங்கக்கெழம, நல்ல நாளு." அந்த விலையில், ஆட்களை எல்லாரும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு நாற்காலி. ஜெஸிந்தா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அண்ணிக்குக் கடிதம் எழுதினாள்: வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும். அதை அவள் கையால் தபால்பெட்டியில் போட்டபோது முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

முப்பதாம் தேதி மத்தியானம் ஆபீசில் பிரிவு உபசாரம். மிக்ஸர், பாதுஷா, ஒரு சுவர்க் கடிகாரம். அந்த நேரத்தில் வசந்த்குமார் போர்டில் போட ஒரு அறிவிப்பு தயார் செய்தான். பத்தொன்பது வருஷ சேவை முடிந்து மிஸ் ஜெஸிந்தா இன்று ஓய்வு பெறுகிறார், அவர் மேலும் சிறப்புற வாழ்த்துகிறோம் என்று ஒழுங்கான நாலு வரி. எந்த நம்பர் போடலாம் என்று யோசித்தான்.

"மூக்கண்ணா, அக்கா கிறிஸ்டியன்தானே?"

"ஆமாங்க தம்பி. ஞாயித்துக்கெழம தவறாது."

"அப்பச் சரி. சந்தோஷப்படுவாங்க." அறுபத்துநாலைத் தட்டினான்.

அன்று சாயங்காலம் பிடித்த மழை மறுநாள் பூராவும் விடவில்லை. கொலக்கம்பையில் வேலுசாமி டயல் செய்தார். கறுப்புத் திரையில் கனத்த ஓரம் இறங்கியது. சிலுவை இறங்கியது. வலது பக்கம் ஒரு மெழுகுவர்த்தி, இடது பக்கம் ஒன்று. சுடர் மட்டும் மஞ்சளாகச் சிமிட்டியது. பெரிய எழுத்தில் பெயர் வந்தது. கீழே முப்பது, ஒன்பது, தொண்ணூற்றொன்பது என்று தேதி வந்தது. லைன் அறுந்தது. மறுபடி டயல் செய்தார். மறுபடியும் அதே இடத்தில். அவருக்கு மட்டுமல்ல. அந்த ரெண்டு நாளில் யாருக்குமே தேதிக்குக் கீழே ஒரு எழுத்து இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நபீசாவின் பேக்கரிக்கு ஒரு போன். எங்கள் சந்தில் டெலிபோன் இருப்பது அங்கே மட்டும்தான். நான் பன் வாங்க நின்றிருந்தேன்.

"ஜெஸிந்தாம்மாவுக்கு என்னங்க ஆச்சு? நெஞ்சு வலியா?" என்று ஒரு ஆண் குரல், கோத்தகிரியிலிருந்தாம். "எடுத்தாச்சுங்களா?"

நபீசா ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதற்குள் லைன் போய்விட்டது.

"யா அல்லா, செத்துட்டாங்கன்னு நெனைக்கறாங்க," என்றாள்.

கண்ணாடிக்கு வெளியே ஜெஸிந்தா குடை பிடித்துக்கொண்டு படியேறிப் போய்க்கொண்டிருந்தாள். கையில் அரைக்கிலோ மத்தி மீன்.

"சொல்லிரட்டுமா?" என்றாள் நபீசா.

"திங்கக்கெழம புது வேலைக்குப் போறவ. இதப் போயி எதுக்குச் சொல்லி மனச ஒடைக்கறது?" என்றேன். நல்லெண்ணம்தான். சாந்தாமணியிடம் மட்டும் சொன்னேன். அவள், "அப்ப யாராச்சும் துக்கத்துக்கு வருவாங்களே!" என்று வாசலைப் பெருக்கி வைத்தாள். திருப்பி ஒரு போன் செய்து, ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். நம்பர் தெரியாது. ஆபீசில் கேட்டிருக்கலாம்தான்.

சனிக்கிழமை காந்தி ஜெயந்தி. அன்று ஃபேக்டரிக்காரர்களுக்கு மாதக் கூட்டம், ஒரு ஹோட்டல் மாடியில். விலை சரிந்ததைப் பற்றிப் பேசத்தான் கூடினார்கள். வேலுசாமி எழுந்து, முதலில் ஒரு நிமிஷம் மௌனம் என்றார். முப்பது முதலாளிகள் எழுந்து நின்றார்கள். நிமிஷம் முடிந்தும் வேலுசாமி உட்காரவில்லை.

"நாளன்னிக்கு நம்ம ஃபேக்டரிக்கு வர இருந்தவங்க. பத்தொம்பது வருசம் நம்ம பேரெல்லாம் அவங்க விரல்லதான் இருந்துச்சு," என்று ஆரம்பித்தவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். விசும்பல் என்று நினைக்க வேண்டாம். பரிமாற வந்தவன் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டானாம். அந்த அழுகையோடு தினமும் போன் செய்த கதையும் வெளியே வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த கருப்புசாமி, அவரும் ஃபேக்டரிக்காரர்தான், முதுகைத் தடவிக் கொடுத்தார். தடவிக்கொண்டே சொன்னார்: "மனசத் தேத்திக்கங்கண்ணா. போனவங்க போயிட்டாங்க. அந்தச் சீட்டு காலிதானுங்களே? எங்கக்கா புள்ள ராஜப்ரியா கம்ப்யூட்டர் படிச்சுட்டுச் சும்மாதான் இருக்குது."

வேலுசாமி துண்டுக்குள்ளேயே தலையை ஆட்டினார்.

அங்கிருந்து கருப்புசாமியையும் கூட்டிக்கொண்டு நேரே பூக்கடை. பூக்கடையிலிருந்து எங்கள் படி.

கதவை ஜெஸிந்தாதான் திறந்தாள். இஸ்திரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வேலுசாமி அவளைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். வளையம் சரிந்து ஒரு படி உருண்டது. பின்னாலிருந்த கருப்புசாமி காலால் நிறுத்தினார்.

"வாங்க," என்றாள் ஜெஸிந்தா. "யாருக்குங்க?"

அவள் குனிந்து ரிப்பனை நிமிர்த்திப் படித்தாள். நாங்கள் எல்லாரும் வாசலில்தான் நின்றோம். இதைப் பார்க்காமல் எப்படி உள்ளே போவது?

"போர்டுல… சிலுவை போட்டு…" என்றார் வேலுசாமி.

ஜெஸிந்தாவுக்குச் சட்டென்று புரிந்தது. "அறுபத்திநாலு," என்றாள், தனக்குத்தானே. அப்புறம் சிரிக்கப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க, அந்தத் தம்பி தெரியாம பண்ணிருச்சு. உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போங்க."

கருப்புசாமி முதலில் சிரித்தார். அடக்கிப் பார்த்து முடியாமல், குனிந்து தொடையில் தட்டிக்கொண்டு. "ஏனுங்கண்ணா, நின்ன ஒரு நிமிஷத்த இப்பத் திருப்பி உக்காந்துக்கலாமுங்களா? நீங்க ரெண்டு நிமிஷம் உக்காரோணும், அழுததுக்கும் சேத்து!"

சாந்தாமணிக்கு வாயில் முந்தானையை வைத்தும் அடங்கவில்லை. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், விடுங்கள்.

வேலுசாமியின் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை இருந்த பதைப்பும், ஆள் உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியும் ஒரே சமயத்தில் வடிந்து, முப்பது பேர் முன்னால் துண்டை வைத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு காரியம் மட்டும் மீதி நின்றது. அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. சாகாமல் ஏமாற்றிவிட்டாள் என்கிற கோபம்.

"ஆயுசு கெட்டிங்க உங்களுக்கு," என்றார்.

"திங்கக்கெழம எத்தன மணிக்கு வரட்டுங்க?" என்று கேட்டாள் ஜெஸிந்தா.

"சொல்லியனுப்பறனுங்க."

வளையத்தைத் திரும்ப எடுத்துப் போவதா விட்டுப் போவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. விட்டுப் போனார்கள். ஜெஸிந்தா அதை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, தீய்ந்த வாடை வருகிறதே என்று உள்ளே ஓடினாள். இஸ்திரிப் பெட்டியைச் சேலை மேல் வைத்துவிட்டுத்தான் இவ்வளவு நேரம் குனிந்து ரிப்பன் படித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இறந்தவர்களுக்காக வேண்டுகிற இடத்தில் அவள் பெயரும் வந்தது. வேலுசாமி பூ வாங்கும்போதே கோவில் அலுவலகத்திலும் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு வந்திருந்தவர் வேற்றூர்ச் சாமியார். சீட்டில் இருந்ததை வாசித்தார். பெஞ்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெஸிந்தா மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னாளாம்.

திங்கட்கிழமை யாரும் சொல்லியனுப்பாமலே வேறு சேலை கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கொலக்கம்பைக்குப் போனாள். அந்த ஃபேக்டரி வாட்ச்மேன் சாந்தாமணிக்குச் சித்தப்பா முறை. ஆகவே நடந்தது எனக்கு அப்படியே தெரியும். ஆபீஸ் அறையில் ராஜப்ரியா உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், எழுந்து, "உக்காருங்க்கா" என்று தன் நாற்காலியையே காட்டினாள். ஜெஸிந்தா உட்காரவில்லை. வேலுசாமி வெளியே கூட்டிக்கொண்டு வந்து, இலை கொட்டுகிற மேடைப் பக்கம் நின்று பேசினார்.

"அந்தப் புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க."

"எனக்குக் குடுத்தது அதுக்கு மின்னாலதானுங்களே?"

"நீங்க இல்லீன்னு நெனச்சுத்தானுங்க குடுத்தேன்."

"இப்ப இருக்கறனுங்களே."

அவர் இலை மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ஊருக்குள்ள ஒரு இது இருக்குதில்லீங்களா? உங்களுக்காக எந்திரிச்சு நின்னாச்சு. தெனமும் நீங்க இங்க உக்காந்து போன எடுத்தீங்கன்னா, கூப்பிடறவன் ஒவ்வொருத்தனும் சிரிப்பான். வெல போற போக்குக்கு இது வேறயா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க மேடம்."

அவள் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் நேரே பழைய ஆபீசுக்குப் போனாள். வேறெங்காவது வேலை கேட்பதென்றாலும் முதலில் உயிரோடு இருக்க வேண்டுமே. பார்டர் தெரிந்தவர்கள், கோத்தகிரியிலோ கிளென்மார்கனிலோ, யாராவது ஒருவர் கூப்பிடக்கூடும்.

"ஒரு மறுப்புப் போடு தம்பி. நான் நல்லா இருக்கேன், வேலை தேடறேன்னு ரெண்டே வரி. ஒண்ணும் அலங்காரம் வேண்டாம். வெறும் எழுத்து."

வசந்த்குமாருக்கு உண்மையிலேயே வருத்தம். கண் கலங்கிவிட்டான் என்று மூக்கன் சொல்கிறான். "கண்டிப்பா போடறனுங்க்கா. ஆனா வெறும் எழுத்தாப் போகக்கூடாதுன்னு சார் ஆர்டர். நம்பர் கேக்காம புரோகிராமே விடாதுங்க." மேனேஜரைக் கேட்கப் போனாள். மேனேஜர் கோயம்புத்தூர் போயிருந்தார்.

அவள் போன பிறகு பையன் ரொம்ப நேரம் யோசித்தான். மல்லிச்சரமா, தேரா? எந்த அறிவிப்புக்கு இது மறுப்பு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அதே பார்டரில் போட்டால்தானே பார்த்ததும் புரியும்? அறுபத்துநாலைத் தட்டினான்.

ஏலப் பட்டியல் வேலை முடிந்து ஏழாம் தேதிதான் அது போர்டில் ஏறியது. அன்றும் மழை. கனத்த ஓரம் இறங்கியது, சிலுவை இறங்கியது, ரெண்டு மெழுகுவர்த்தி சிமிட்டியது, பெயர் வந்தது, தேதி வந்தது, லைன் போயிற்று.

மேலே கோத்தகிரியில் ஒரு முதலாளி தன் குமாஸ்தாவிடம் சொன்னாராம்: "ஏழாம் நாள் ஞாபகமா போட்டிருக்காங்க. நல்ல ஆபீசு. இந்த நிலைமையிலயும் மறக்காம செய்யறாங்க பாரு."

கருப்புசாமிக்கு உண்மை தெரியும். இந்தக் கதையைக் கொலக்கம்பைப் பக்கம் சொல்லிச் சிரிக்கத்தான் அவருக்குப் பொழுது சரியாக இருந்தது, கோத்தகிரிக்கும் கிளென்மார்கனுக்கும் போன் செய்து திருத்துவதற்கு இல்லை. எங்களுக்கும் தெரியும். எங்களை யார் கேட்டார்கள்?

பத்து நாள் ஜெஸிந்தா பேக்கரியில் டெலிபோன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். நபீசா பாவம் பார்த்து ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்திருப்பார்கள். கேக் ஆர்டர்தான் வந்தது. பதினோராம் நாள் அண்ணியின் பதில் வந்தது: வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டு பெட்டியும் சுவர்க் கடிகாரமுமாகப் படி இறங்கினாள். மூக்கன்தான் பெட்டி தூக்கினான். அன்று பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை ஒரே வண்டிதான் போகிற மாதிரி இருந்தது. பஸ் மூன்று மணி நேரம் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றது. இரண்டு தடவை நான் அந்தப் பக்கமாகப் போனேன். ஜன்னலோரம் மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. நீள நோட்டை வசந்த்குமாரிடமிருந்து திரும்பக் கேட்கவேயில்லை. அவன் அடுத்த மாதமே பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான்; பயோடேட்டாவில் முதல் வரி தோரணம்.

நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள். சாந்தாமணி கல்லறைத் தோட்டத்து வாசலில் பூக்கடை போட்டிருந்தாள். நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். வேலுசாமியின் ஜீப் வந்து நின்றது. ஒரு கூடை செவ்வந்தியும் ரெண்டு பெரிய மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எட்டிப் பார்த்தேன். ஜெஸிந்தாவின் அப்பா கல்லறை முன்னால் நின்றார். பூவை வைத்தார். மெழுகுவர்த்தியை வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்றாக நட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது நான் கேட்டே விட்டேன். "ஏனுங்க, போத்தனூரு பக்கந்தானுங்களே? ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வரலாமில்லீங்களா?"

"எதுக்குங்க," என்றார், துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டே. "அங்க போயி அவங்கள எதுக்குங்க சங்கடப்படுத்தோணும்."

பின்னால் காற்றில் ஒரு மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய்ப் பற்றவைத்துவிட்டு வந்தார். எங்கள் சந்துப் பேக்கரியில் வர்க்கி சூடாக இருக்கும் என்று சொன்னேன். படி அதிகம் என்று போகவில்லை.